திகிரியும் திரையும்

திரும்புதல், சுழலுதல், உருளுதல், புரளுதல், சாய்தல் என்னும் சொற்கள் ஐந்தும் ஏறத்தாழ ஒரு பொருளையே குறிப்பன போலத் தோன்றும். ஆயினும் தமிழ் பேசும் எவரும் அவற்றை இடம் மாறி வழங்குவதில்லை. தெருமுனையில் வண்டி திரும்புகிறது; பம்பரம் சுழல்கிறது; சக்கரம் உருள்கிறது; தொட்டிலில் குழந்தை புரள்கிறது; காற்றிற் கமுகு சாய்கிறது. "வண்டி புரண்டது" என்று ஒருவர் கூறின், கேட்போர் மருத்துவமனைக்கு விரைவரேயன்றித் தெருமுனைக்குச் செல்லார். இவ்வேறுபாட்டை எழுத்தறியாதாரும் பிழையின்றி அறிவர். கணிப்பொறியோ இதனை அறியாது. அதற்குத் திருப்பம் என்பது ஒன்றே. எவ்விடத்தை நிலையாகக் கொண்டு, எந்த அச்சைப் பற்றி, எத்துணைக் கோணம், எந்த முறையில் என்று நாம் எடுத்துரைத்தாலன்றி அஃது ஒரு துரும்பையும் திருப்பாது.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் ஒருவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நேயர் வினவுதல் கூடும். விடை கூறுவோம். கடந்த கோடை விடுமுறையில், புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூரில், குயவர் திகிரி ஒன்றைக் கணிப்பொறித் திரையிற் சுழலச் செய்யும் முயற்சியில் யாமும் துணையாய் இருந்தோம். அம்முயற்சியிற் கண்டவற்றுட் சிலவற்றை இம்மலரின் வாயிலாக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் உரைக்க விழைகின்றோம். கணிதம் கண்டு அஞ்சுவோர் அஞ்சற்க. கூட்டலும் பெருக்கலும் அறிந்தார்க்கு விளங்காதது இதன்கண் யாதும் இல்லை.

எம் ஊர் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூர். எம் நண்பர் வில்லியனூரினர்; கணிப்பொறியியல் பயில்பவர்; வேட்கோவர் குடியிற் பிறந்தவர். சங்கராபரணி ஆற்றை அடுத்துள்ள வில்லியனூரின் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றுள்ளது. அக்கலையில் வல்ல வி. கே. முனுசாமி அவர்கட்கு 2020-ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றமையும் பலர் அறிந்ததே. எம் நண்பர் குடும்பம் அத்தகைய புகழ் எய்தியதன்று. பானையும் சட்டியும் அகலும் பூந்தொட்டியும் செய்து விற்று வாழ்ந்த குடும்பம். அவர்தம் பாட்டனார்க்கு அகவை எண்பது கடந்துவிட்டது. மூன்றாண்டுகட்கு முன்வரை, கோல்கொண்டு சுழற்றும் பெருந் திகிரியிலேயே அவர் வனைந்துவந்தார். வலத் தோள் வலிமை குன்றவே, மகனார் மின்விசையாற் சுழலும் சிறு திகிரி ஒன்றை வாங்கினார். பழைய திகிரி திண்ணைச் சுவரிற் சார்த்தப்பெற்றது.

நண்பரின் தமக்கையார் மணம் முடித்துப் பிரான்சு நாட்டில் வாழ்கின்றார். புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றிற்கு அந்நாட்டில் உறவினர் உண்டு. தமக்கையாரின் மகனுக்கு அகவை ஏழு. தமிழ் கேட்டால் ஓரளவு விளங்கும். பேச நா எழாது. ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகங்கண்டு பேசுங்கால், கொள்ளுப்பாட்டனாரும் அவனும் ஒருவரை ஒருவர் நோக்கிச் சிரிப்பர். "சாப்பிட்டாயா, ராசா?" என்று இவர் கேட்பார். அவன் தலையசைப்பான். அதன்பின் இருவர்க்கும் பேசுதற்குப் பொருள் இராது.

ஒருநாள் அவன், முதியவர்க்குப் பின்னே சுவரிற் சாய்ந்திருந்த வட்டப் பொருளைச் சுட்டி, அஃது யாது என்று வினவினான். முதியவர் விடை கூற முயன்றார். நின்றுபோன திகிரியைச் சொல்லால் எங்ஙனம் விளக்குவது? கைகளாற் காற்றில் வட்டம் வரைந்து காட்டினார். சிறுவனுக்கு விளங்கவில்லை. அன்றிரவே எம் நண்பர், "இதை அவன் கையில் உள்ள திரையில் சுழல வைப்போம், வா" என்று எம்மை அழைத்தார். திகிரியின் உறுப்புகட்கு உரிய பெயர்களைக் கேட்டெழுதவும், சிறுவனுக்கு எளிய தமிழில் வழி கூறவும் ஒரு தமிழ் மாணவர் வேண்டும் என்பது அவர் கருத்து. புரோகிராம் எனப்படும் நிரல் எழுதும் பழக்கமும் எமக்குச் சிறிது உண்டு.

விளையாட்டுகளை உருவாக்குதற்கென்றே அமைந்த மென்பொருளைக் கேம் என்ஜின் என்பர். யூனிட்டி, அன்ரியல் முதலியன அவற்றுட் பெயர்பெற்றவை. எம் நண்பர் தெரிந்தெடுத்தது கோடோ என்பது. அர்ஜென்டீனா நாட்டினர் இருவர் உருவாக்கி, 2014-ஆம் ஆண்டில் மூல நிரலோடு பொதுவுடைமை ஆக்கிய அதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். பொருளுக்கு ஒளியும் நிழலும் தந்து திரையிற் காட்டும் வேலையை என்ஜின் தானே செய்துகொள்ளும். அப்பொருள் எங்ஙனம் இயங்குதல் வேண்டும் என்பதை நிரலால் நாம் உரைத்தல் வேண்டும். அவ்வாறு உரைக்க வேண்டுவன யாவை என்பதை எம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே விளக்குவோம்.

முதலாவது, நிலையிடம். இதற்கு ஏற்றம் நல்லதோர் எடுத்துக்காட்டு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்றது பாகூர். ஆழ்குழாய்க் கிணறும் மின்பொறியும் வந்தபின் ஏற்றம் முதியோர் பேச்சளவில் நின்றுவிட்டது. நட்ட காலின்மேல் நெடிய துலா ஒன்று கிடக்கும். அதன் ஒரு தலையிற் சால் தொங்கும். துலா காலின்மேற் பொருந்தும் இடமே அதன் நிலையிடம். அவ்விடம் ஒரு முழம் தள்ளி அமையின், சால் கிணற்று நீரை எட்டாது. எட்டினும் எடை ஒத்துவாராது. என்ஜினிலும் ஒவ்வொரு பொருட்கும் இத்தகைய நிலையிடம் ஒன்று உண்டு. நிரல் எத்துணைத் திருத்தமாயினும், நிலையிடம் தவறின் இயக்கம் முழுவதும் தவறும். திகிரியின் நிலையிடம், அது குந்தியிருக்கும் முளையின் நுனி. அதனை விளிம்பில் வைத்துத் திருப்பினால், திகிரி நின்ற இடத்திற் சுழலாது, கவண்கல்லைப் போல வெளியே வீசிச் சுற்றும்.

ஒரு பொருளோடு மற்றொன்றைப் பிணைத்தலை என்ஜினிற் பெற்றோர், பிள்ளை என்னும் பெயரால் வழங்குவர். பெற்றோர் திரும்பினாற் பிள்ளையும் உடன் திரும்பும். பிள்ளை திரும்பினாற் பெற்றோர் திரும்பார். திகிரியின்மேல் வைத்த களிமண் திகிரியின் பிள்ளை. ஆதலின் அதனைச் சுழற்றுதற்குத் தனி நிரல் வேண்டா. உலகியலிலும் இவ்வாறே எனின் பல பெற்றோர் மகிழ்வர்.

இரண்டாவது, கோண அளவு. வட்டத்தை 360 பாகையாகப் பகுத்தல் பள்ளியிற் கற்றதே. நிரலோ பெரும்பாலும் ஆரையன் என்னும் அளவையை விரும்பும். வட்டத்தின் ஆரத்தின் நீளமுள்ள கயிறு ஒன்றை எடுத்து, அவ்வட்டத்தின் விளிம்பின்மேல் வளைத்து வைத்தால், நடுவில் எத்துணைக் கோணம் தோன்றுமோ அதுவே ஓர் ஆரையன். அஃது ஏறத்தாழ 57.3 பாகை. அரை வட்டத்திற்கு 3.1416 ஆரையன், முழு வட்டத்திற்கு 6.2832. கோடோவில் அளவைப் பெட்டியிற் கையால் இடுங்கால் அது பாகையாகவும், நிரலில் எழுதுங்கால் ஆரையனாகவும் கொள்ளப்படும். கால் வட்டம் கருதி ஒருவர் நிரலில் 90 என்று எழுதுவாராயின், பொருள் பதினான்கு முழுச் சுற்றும் அதன்மேல் ஏறத்தாழ 117 பாகையும் சென்ற நிலையிற் போய் நிற்கும். இடைப்பட்ட சுற்றுகள் கண்ணுக்குப் புலப்படா. ஆகலின் அது கோணலாய் நிற்பது ஏன் என்று காண்போர் மயங்குவர்.

கோணத்தோடு திசையும் உரைத்தல் வேண்டும். வலஞ்சுழி, இடஞ்சுழி என்னும் பழஞ்சொற்கள் இங்கே எமக்குப் பெரிதும் உதவின. மேலிருந்து நோக்குங்கால், கோடோவில் நிமிர்ந்த அச்சைப் பற்றிய கூட்டற்குறித் திருப்பம் இடஞ்சுழி. யூனிட்டியிலோ அதுவே வலஞ்சுழி. ஓர் என்ஜினுக்கு எழுதிய கணக்கை மற்றொன்றிற்கு அப்படியே கொண்டு சென்றால் திகிரி எதிர்த்திசையிற் சுழலும். முதியவரைக் கோல் செலுத்துமாறு கைகாட்டச் செய்து, அவர்தம் திகிரி வலஞ்சுழி என்று அறிந்து, நிரலிற் கழித்தற்குறி ஒன்று சேர்த்தோம்.

மூன்றாவது, காலம். சினிமாவைப் போலவே கணிப்பொறித் திரையும் நிலைப்படங்களை அடுத்தடுத்துக் காட்டி இயக்கம் போலத் தோற்றுவிப்பது. நொடிக்கு 60 படம் காட்டும் கருவியிற் படந்தோறும் 6 பாகை திருப்பினால், நொடிக்கு ஒரு முழுச் சுற்று ஆகும். அதே நிரல், நொடிக்கு 30 படமே காட்டவல்ல பழைய கைப்பேசியில் அரைச் சுற்றே சுற்றும். 120 படம் காட்டும் விலையுயர்ந்த கருவியில் இரண்டு சுற்றுச் சுற்றும். வில்லியனூரில் ஒரு வேகமும் பிரான்சில் மற்றொரு வேகமும் ஆயின் அஃது ஒரு திகிரி ஆகாது. ஆகலின் அறிந்தோர் படத்தை எண்ணாது காலத்தை எண்ணுவர். முந்திய படத்திற்கும் இப்படத்திற்கும் இடையே கழிந்த நேரத்தை என்ஜின் ஒவ்வொரு முறையும் அளந்து தரும். டெல்ட்டா என்பது அதன் பெயர். வேகத்தை அதனாற் பெருக்கித் திருப்பினால், எக்கருவியிலும் நொடிக்கு ஒரு சுற்றே.

இம்மூன்றும் அமைந்தபின் திகிரி திரையில் அழகாகச் சுழன்றது. அதனை முதியவரிடம் கொண்டு காட்டினோம். மூக்குக் கண்ணாடி அணிந்து நெடுநேரம் நோக்கினார். பின்னர் எம் பக்கம் திரும்பி, "தம்பி, இது எப்போது நிற்கும்?" என்று கேட்டார்.

"நாம் நிறுத்தும்வரை நிற்காது, தாத்தா" என்றோம்.

"களைக்காத சக்கரத்தில் பானை வனைய எனக்குத் தெரியாதே" என்றார்.

அவ்வுரையின் பொருளை அவரே விரித்துக் கூறினார். விளிம்பிலுள்ள குழியிற் கோலை ஊன்றிச் சுழற்றிவிட்ட கணத்தில் திகிரிக்கு வேகம் மிகுதி. அவ்வேகத்தில் மண்ணை நடுவில் நிலைநிறுத்தி வாய் திறப்பர். வேகம் அடங்க அடங்கச் சுவரை உயர்த்தி, வயிற்றை விரித்து, கழுத்தைச் சுருக்குவர். மெல்லச் சுழலும் நேரத்தில் விளிம்பை நேர்செய்து நூலால் அறுத்தெடுப்பர். அடங்கிவரும் வேகமே அவர்க்குக் கடிகாரம். கைக்கு அடுத்த வேலை யாது என்று சொல்வதும் அதுவே. மின்திகிரியில் அவர் ஒருநாளும் அமராமைக்குத் தோளின் தளர்ச்சி மட்டும் காரணம் அன்று என்பது எமக்கு அப்பொழுது விளங்கிற்று. களைக்காத திகிரி அவருக்கு எதையும் சொல்வதில்லை.

திகிரியைக் களைக்கச் செய்தல் நிரலிற் கடினம் அன்று. வேகத்தை ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு, நொடிதோறும் அதில் இருபதில் ஒரு பங்கு குறையுமாறு எழுதினாற் போதும். பதினான்கு நொடியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். ஆயினும் இருபதில் ஒரு பங்கு என்னும் கணக்கு எந்த நூலிலும் இருந்து எடுத்தது அன்று. முதியவர் திரையை நோக்கிக் கண்ணை இமையாது இருந்து, "இன்னும் சீக்கிரம் அடங்குகிறது", "இப்போது சோம்பலாய்ப் போகிறது", "ஆம், இதுதான்" என்று கூறக்கூற மாற்றி அமைத்தது. அந்த எண்ணை எழுதியவர் எம் நண்பர். அறிந்தவர் அவர்தம் பாட்டனார்.

மற்றொன்றையும் முதியவர் சொன்னார். முளைமேல் நிற்கும் திகிரி, ஓய்ந்திருக்குங்கால் ஒருபுறம் சாய்ந்திருக்கும். விசை பெற்றவுடன் பம்பரத்தைப் போல நிமிரும். விசை குன்றுங்கால் மீண்டும் ஆடத் தொடங்கும். இதனைத் திரையிற் காட்டப் புகுந்தபோது, தன் அச்சு, உலக அச்சு என்னும் வேறுபாடு குறுக்கிட்டது. அதனைத் தேரைக் கொண்டு விளக்குவோம்.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் புதுச்சேரி முழுதும் அறிந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வந்து வடம் பிடித்த வழக்கம், 1954-ஆம் ஆண்டில் அவ்வாட்சி நீங்கிய பின்னரும் தொடர்ந்து, இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கமாக நிற்கின்றது. அவ்வூரிலேயே உள்ள லூர்து அன்னை திருத்தலத்தின் தேர்ப்பவனிக்குச் செல்லும் எம்மனோரும் அத்தேரை வீதியோரம் நின்று கண்டிருக்கின்றோம். தேர் கிழக்கு நோக்கி ஓடுங்கால் அதன் சக்கரம் தென்வடலாகக் கிடக்கும் அச்சைப் பற்றி உருளும். வீதி முனையில் முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் தெற்கே திருப்பியபின், அச்சு கிழக்கு மேற்காகிவிடும். சக்கரம் எப்போதும் தன் அச்சைப் பற்றியே உருள்கின்றது. மாறியது அவ்வச்சின் திசை. நிரலில், "தென்வடல் அச்சைப் பற்றித் திரும்புக" என்று எழுதினால், கிழக்கு நோக்கி ஒழுங்காய் ஓடிய சக்கரம், தெற்கு நோக்கித் திரும்பியபின் தட்டு விழுவதுபோற் பக்கவாட்டிற் கவிழும். "உன் அச்சைப் பற்றித் திரும்புக" என்று எழுதினால் எவ்வீதியிலும் ஓடும். சாய்ந்த திகிரிக்கும் இதுவே முறை. உலகத்தின் நிமிர்ந்த அச்சைப் பற்றிச் சுழற்றினால் திகிரியோடு அதன் சாய்வும் சேர்ந்து சுற்றும். தன் அச்சைப் பற்றிச் சுழற்றினால் சாய்வு நிற்க, திகிரி மட்டும் சுழலும்.

இனி, வனைந்த கலத்தைச் சிறுவன் விரலால் திருப்பி எப்புறமும் காணுதல் வேண்டும் என்று எம் நண்பர் விரும்பினார். இங்கே நான்காவது பொருள் ஒன்று எதிர்ப்பட்டது, அது முறைவைப்பு. நேயர் இம்மலரையே கையிற் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம். அட்டை மேல்நோக்கி இருக்க, தலைப்பக்கம் உமக்கு அப்பால் இருக்க, மேசைமேல் வைக்க. முதலில் அதனைப் படுத்தபடியே வலஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்புக. பின்னர் அப்பாலுள்ள விளிம்பைத் தூக்கி நிறுத்துக. அட்டை உம்மை நோக்கும்; ஆனால் எழுத்துகள் பக்கவாட்டிற் கிடக்கும். மீண்டும் முன்போல வைத்து, இம்முறை முதலில் அப்பாலுள்ள விளிம்பைத் தூக்கி நிறுத்தி, பின்னர் வலஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்புக. எழுத்துகள் நேராக நிற்கும். ஆனால் அட்டை உம் இடப்புறத்தை நோக்கும். செய்த திருப்பங்கள் இரண்டும் அவையே. முறை மாறியது, முடிவும் மாறியது. கிழக்கே மூன்றடியும் வடக்கே இரண்டடியும் நடப்பவர் எதனை முதலிற் செய்யினும் ஓரிடத்தையே அடைவர். திருப்பத்திற்கு அச்சலுகை இல்லை.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. "குயவர் பானையை வனைந்தார்" எனினும் "பானையைக் குயவர் வனைந்தார்" எனினும் பொருள் ஒன்றே. வேற்றுமை உருபு காப்பதால் சொற்கள் இடம் மாறலாம். ஆனால் "வனைவித்தார்" என்னும் ஒரு சொல்லினுள் பகுதி முன்னும், பிறவினை காட்டும் உறுப்பு அதன்பின்னும், காலம் காட்டுவது அதன்பின்னும், பால் காட்டும் விகுதி இறுதியிலுமே நிற்கும். அவற்றை மாற்றி வைத்தாற் சொல்லே இல்லை. நடத்தல் தொடரிலக்கணம் போன்றது; திரும்புதல் பகுபத இலக்கணம் போன்றது. எம் நண்பர்க்கு இவ்வுவமை விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. எமக்கு அவருடைய கணக்கு விளங்கவும் அவ்வளவே ஆயிற்று.

ஒரு பொருளின் நிலையை மூன்று கோணங்களாற் கூறலாம் என்பது சுவிட்சர்லாந்திற் பிறந்த கணிதப் பேரறிஞர் ஆய்லர் (1707–1783) பெயரால் வழங்கும் முறை. திரும்பல், குனிதல், புரளல் என அவற்றைத் தமிழில் அழைக்கலாம். "இல்லை" என்று தலையசைத்தல் திரும்பல். "ஆம்" என்று அசைத்தல் குனிதல். தலையைத் தோள்மேற் சாய்த்தல் புரளல். இம்மூன்றனுள் நடுவில் வைத்துச் செய்யும் குனிதல் சரியாக 90 பாகை ஆயின் ஓர் இடையூறு நேரும். கலத்தின் உட்புறம் காணும்பொருட்டு அதன் வாயை நம்மை நோக்கி முழுதும் கவிழ்த்தோம் எனக் கொள்வோம். அந்நிலையில் திரும்பல், புரளல் என்னும் இரண்டும் ஒரே அச்சைப் பற்றியன ஆகிவிடும். எதனை மாற்றினும் கலத்தின் வாய் இடமும் வலமுமாகவே அசையும். கலத்தைத் தன் வாயைச் சுற்றிச் சுழற்றும் வழி அடைபட்டுப்போகும். மூன்று கைப்பிடிகள் இருந்தும் இரண்டின் வேலையே நடைபெறும். 1969-ஆம் ஆண்டிற் சந்திரனுக்குச் சென்ற அப்பாலோ 11 விண்கலத்தின் திசையறி கருவி மூன்று வளையங்களுள் அமைந்தது. வளையங்கள் இங்ஙனம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குக் கலத்தைத் திருப்பாவண்ணம் வீரர் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான்காவது வளையம் ஒன்றைக் கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பலாகாதா என்று அவருள் ஒருவராகிய மைக்கேல் காலின்ஸ் வேடிக்கையாகக் கேட்டார்.

இவ்விடையூற்றுக்கு மருந்து விண்கலத்திற்கு நெடுங்காலம் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. அயர்லாந்து நாட்டு அறிஞர் ஹாமில்ட்டன், 1843-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், டப்ளின் நகரில் கால்வாய்க் கரையோரம் தம் மனைவியாருடன் நடந்து செல்லுங்கால், நான்கு கூறுடைய எண்வகை ஒன்று அவர் உள்ளத்தில் தோன்றியது. மறந்துவிடுவோமோ என்று அஞ்சியவர்போல, அங்கிருந்த பாலத்தின் கல்லிலே அதன் விதியைக் கத்தியாற் கீறிவைத்தார். குவாட்டர்னியன் என்பது அதன் பெயர்; நாற்கூற்றெண் எனலாம். ஒரு பொருளை மூன்று முறை திருப்பாது, ஓர் அச்சும் அதைப் பற்றிய ஒரு கோணமும் கூறி ஒரே முறையில் திருப்புவது அது. அதன்கண் பூட்டு நேர்வதில்லை. திரையில் உருவங்களை இயக்குதற்கு அதனைப் பயன்படுத்தும் வழியை 1985-ஆம் ஆண்டிற் கென் ஷூமேக் என்பவர் ஒரு கட்டுரையால் விளக்கினார். இன்று பெயர்பெற்ற என்ஜின்கள் யாவும் அதனைக் கைக்கொள்கின்றன. கால்வாய்க் கரையிற் பிறந்த கணக்கு, சங்கராபரணிக் கரையில் வனைந்த பானையைச் சிறுவன் விரல்வழித் திருப்பிற்று.

விடுமுறை முடிதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டு பிரான்சு சென்று சேர்ந்தது. முதியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். இரு கைப்பேசிகளுள் ஒன்றில் சிறுவன் முகமும், மற்றொன்றில் அவன் சுழற்றும் திகிரியும் தெரிந்தன. அவன் விரலாற் கோலை ஊன்றிச் சுழற்றினான். திகிரி நிமிர்ந்து சுழன்றது. மண்ணைத் தொட்டான், அஃது உயர்ந்தது. வேகம் அடங்கி, திகிரி ஆடத் தொடங்கும் முன்னரே முதியவரின் வலக்கை தானாக எழுந்தது. "கோல் போடு, கோல் போடு!" என்றார். சிறுவன் தாழ்த்துவிட்டான், திகிரி ஆடிற்று, கலம் சரிந்து விழுந்தது. அவன் முகம் வாடி அழும் நிலைக்கு வந்தது.

"போகட்டும் ராசா, மண் எங்கே போகிறது? அதே மண்தான். எடுத்து வை" என்றார் முதியவர்.

அவன் மீண்டும் எடுத்து வைத்தான். மூன்றாம் முறை, அவர் வாய் திறக்கும் முன்னரே, "கோல்!" என்று தானே கூவிச் சுழற்றினான். முதியவர் எம்மையும் எம் நண்பரையும் நோக்கினாரல்லர். அரைமணி நேரம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தனர். சொற்கள் மிகச் சிலவே: கோல், மண், மெல்ல, இப்போது, நிறுத்து. சாப்பிட்டாயா என்னும் கேள்வி அன்று எழவே இல்லை. குயவன் வீட்டிற்குச் சென்ற எரேமியா தீர்க்கதரிசி, கெட்டுப்போன கலத்தின் மண்ணையே அவன் மீண்டும் வேறு கலமாக வனையக் கண்ட வேதாகம நிகழ்ச்சி எம் நினைவிற்கு வந்தது. அதனைப் பலகாற் படித்திருந்தும், மண் எங்கே போகிறது என்று ஒருவர் இத்துணை எளிதாகக் கூறக் கேட்டது அன்றே.

இவ்வனுபவத்தால் யாம் தெளிந்தது ஒன்று. பொருளைத் திருப்புதல் நிரலுக்கு எளிது. ஒரு வரி போதும். அப்பொருள் எங்ஙனம் திரும்பும் என்று அறிதலே அரிது. அவ்வறிவு அப்பொருளோடு வாழ்ந்தாரிடத்தே உள்ளது. அது பெரும்பாலும் அவர்தம் கையில் இருக்கும். கேட்பார் உளராயின் சொல்லாக வெளிவரும். முளை, கோல், துலா, முட்டுக்கட்டை, வலஞ்சுழி என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு நூற்பா அளவு செய்தியை அடக்கியவை. அவற்றைக் கேட்டெழுதுதல் தமிழ் மாணவர் கடமைக்குப் புறம்பானது அன்று. எம் பாகூரில் 9-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கல்வி நிலையம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பெற்ற செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. கற்றோர் வழங்கிய மொழியும் ஊரார் வழங்கிய மொழியும் அங்கே ஒரே செம்பில் இடம்பெற்றன. நிரல் மொழியும் குயவர் மொழியும் ஒரே திரையில் இடம்பெறுதற்குத் தடை யாது?

வரும் விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள், தத்தம் தெருவில் மரச்செக்கு, இராட்டினம், கைத்தறி, எந்திரக்கல் என யாதேனும் ஒன்று நின்றுபோய்க் கிடத்தலைக் காண்பர். அது சுழன்ற காலத்தில் அதனருகே இருந்தவர் யார் என்று உசாவி, அஃது எப்பக்கம் சுழன்றது, எப்போது களைத்தது என்று கேட்டு எழுதிவைக்க. கணிப்பொறி நாளையும் இருக்கும். விடை கூறவல்லார் இன்று இருக்கின்றனர்.